ஒருமுறை வந்த விடை மறுமுறையும் வருமா?

பாஸ்டனில் ஓர் ஆய்வகம், அமெரிக்காவின் மறுகோடியில் பெர்க்லியில் இன்னோர் ஆய்வகம். இரண்டும் சேர்ந்து மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றில் இறங்கின. முதல் வேலை, மார்பகத் திசுவிலிருந்து செல்களைப் பிரித்து வகைப்படுத்துவது. இரண்டு குழுவுக்கும் கைவந்த வேலைதான். ஆனால் இங்கே வந்த விடை அங்கே வரவில்லை. எது காரணம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள், சரிபார்த்தார்கள். மாதங்கள் ஓடின. கடைசியில் இரு தரப்பும் அருகருகே நின்று வேலை செய்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. திசுவைப் பதப்படுத்தும் கட்டத்தில் ஒரு குழு வேகமாகக் கலக்கியது, மற்றது மெதுவாக ஆட்டிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். 2014-இல் இந்த அனுபவத்தையே ஒரு கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எவ்வளவு வேகமாகக் கலக்குகிறோம் என்பதெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்துவிட்டார்கள். ஆராய்ச்சியின் நம்பகத்தன்மை என்று பேச்செடுத்தாலே நமக்கு மோசடிதான் நினைவுக்கு வருகிறது. பொய்த் தரவு, திருடிய படம், பட்டம் பறிபோன பேராசிரியர். அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் இந்தத் துறையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், பெரும்பாலான சிக்கல் நேர்மையானவர்களின் கையில்தான் உண்டாகிறது என்று புரியும். அதனால் தீர்வும் "நல்லவர்களாக இருங்கள்" என்று உபதேசிப்பதில் இல்லை. வேலை எப்படி நடந்தது என்பதை அடுத்தவர் பார்க்கும்படி வைப்பதில் இருக்கிறது.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆங்கிலத்திலேயே இவற்றை ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள், தமிழில் கேட்கவே வேண்டாம். இங்கே இரண்டே சொற்கள் போதும். ஒருவரின் தரவை வாங்கி, அவர் செய்த அதே கணக்கை நாமும் போட்டு, அதே விடை வருகிறதா என்று பார்ப்பது மறுகணக்கீடு. அவர் செய்ததுபோலவே புதிதாக ஆட்களையோ பொருட்களையோ எடுத்து, சோதனையை ஆரம்பத்திலிருந்து நடத்திப் பார்ப்பது மறுசோதனை. முன்னது மலிவு, சில மணி நேரத்தில்கூட முடியலாம். பின்னதற்குப் பணமும் ஆண்டுகளும் தேவை. மறுகணக்கீட்டில் விடை மாறினால் எங்கோ பிழை இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மறுசோதனையில் மாறினால் அப்படிச் சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாது. முதல் ஆய்வு தவறாக இருக்கலாம், இரண்டாவது தவறாக இருக்கலாம், அல்லது மேலே பார்த்ததுபோல யாரோ வேகமாகக் கலக்கியிருக்கலாம்.

இது புதிய கவலை ஒன்றுமில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் தன் காற்றுப் பம்பு சோதனைகளைப் பக்கம் பக்கமாக எழுதியதே, படிப்பவர் தானும் செய்து பார்க்க முடியவேண்டும் என்பதற்காகத்தான். அவர் அங்கம் வகித்த ராயல் சொசைட்டியின் குறிக்கோள் வாசகமே, யார் சொல்லையும் அப்படியே ஏற்காதே என்ற பொருள் தருவது. புதியது என்னவென்றால், 2010-க்குப் பிறகு ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

2012-இல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தாங்கள் சரிபார்க்க முயன்ற 53 முக்கியமான புற்றுநோய் ஆய்வுகளில் 6-ஐத்தான் உறுதிப்படுத்த முடிந்தது என்று எழுதினார்கள். 2015-இல் உளவியலில் பெரிய கூட்டு முயற்சி ஒன்றின் முடிவு வந்தது. 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு "விளைவு இருக்கிறது" என்று சொன்னவை. மறுசோதனையில் 36 விழுக்காடுதான் அப்படிச் சொல்ல முடிந்தது. தென்பட்ட விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகச் சுருங்கியிருந்தது.

எனக்கு இவற்றைவிட உறைத்தது 2021-இல் முடிந்த இன்னொரு திட்டம். புற்றுநோய் உயிரியலில் 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்வதாகத் திட்டம். 50-தான் செய்ய முடிந்தது. காரணம், அந்த 193 சோதனைகளில் ஒன்றைக்கூடக் கட்டுரையை மட்டும் படித்துவிட்டுச் செய்ய முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூல ஆய்வாளரிடம் விவரம் கேட்க வேண்டியிருந்தது. சிலர் மனமுவந்து உதவினார்கள், சிலரிடமிருந்து பதிலே வரவில்லை. முடிவு சரியா தவறா என்ற கேள்விக்கு வரும் முன்பே வண்டி நின்றுவிட்டது.

காக்கை உட்கார, பனம்பழம் விழ

சரி, நேர்மையாகச் செய்த ஆய்வு எப்படித் தவறாகும்? கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் கழித்தலும்தான்.

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். ஒன்பது முறையோ பத்து முறையோ தலை விழ வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. உங்களுக்கு அப்படி விழுந்தால் நாணயத்தில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகிப்பது நியாயம். ஆனால் நூறு பேர் ஆளுக்குப் பத்து முறை சுண்டினால், அவர்களில் ஓரிருவருக்கு அப்படி விழுவதில் ஆச்சரியமே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மீதி 98 பேர் ஒன்றும் எழுதாமல் வீட்டுக்குப் போய்விட, அந்த இரண்டு பேர் மட்டும் "மாய நாணயம்" என்று கட்டுரை எழுதினால் என்ன ஆகும்? படிப்பவருக்கு அந்த இரண்டு கட்டுரைகள்தான் உலகம்.

தற்செயலைச் சல்லடை போட்டுச் சலிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவி பி-மதிப்பு. உண்மையில் விளைவே கிடையாது என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதே அது. 0.05-க்குக் கீழே வந்தால், அதாவது இருபதில் ஒன்றுக்கும் குறைவு என்றால், விளைவு "குறிப்பிடத்தக்கது" என்று எழுதலாம் என்பது வழக்கம். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925-இல் ஒரு வசதிக்காகச் சொன்ன எல்லை அது. பின்னால் வந்தவர்கள் அதைக் கல்லில் செதுக்கிவிட்டார்கள்.

பி-மதிப்பு 0.05 என்றால் முடிவு சரியாக இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கே வேறு. ஒரு துறையில் 1,000 கருதுகோள்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் உண்மையானவை 100, மீதி 900 வெறும் ஊகம். நல்ல பெரிய மாதிரியை, அதாவது நிறையப் பேரையோ பொருட்களையோ, வைத்துச் சோதித்தால் 100 உண்மைகளில் 80-ஐப் பிடித்துவிடலாம். 900 ஊகங்களில் இருபதில் ஒன்று தற்செயலாகச் சல்லடையைத் தாண்டும். அது 45. ஆக "விளைவு உண்டு" என்று வெளியே வருபவை 125, அவற்றில் 45 பொய். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இதுவே மாதிரி சிறியதாக இருந்து, 100-இல் 40 உண்மைகளைத்தான் பிடிக்க முடிகிறது என்றால் 40 நிஜமும் 45 பொய்யும் சேர்ந்து வரும். பாதிக்கு மேல் பொய். யாரும் எந்தத் தவறும் செய்யாமலே. ஜான் அயோனிடிஸ் 2005-இல் எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரையின் அடிப்படை வாதம் இதுதான். சிறிய மாதிரி என்றால் உண்மையைத் தவறவிடுவோம் என்பது பலருக்கும் தெரியும். வெளிவரும் முடிவுகளில் பொய்யின் பங்கும் ஏறிவிடும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எல்லா அரிசியும் ஒரே பானையில் ஒரே கொதியில் வெந்ததால்தான் அது செல்லும். மனிதர்களும் எலிகளும் செல்களும் அப்படி ஒரே கொதியில் வெந்தவை அல்ல.

நடந்த பிறகு சொல்லும் ஜோசியம்

மேலே போட்ட கணக்கு, ஆய்வாளர் ஒரே ஒரு கேள்வியை ஒரே ஒரு முறை கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டது. நடைமுறை அப்படியா? தரவு கையில் வந்ததும் நூறு சின்ன முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. விலகி நிற்கும் இந்த ஒரு எண்ணைத் தூக்கிவிடலாமா? வயதைக் கணக்கில் சேர்க்கலாமா? ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் என்ன? முடிவு எட்டும் தூரத்தில் நிற்கிறதே, இன்னும் இருபது பேரைச் சேர்த்துப் பார்க்கலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் நியாயமான பதில் ஒன்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் நமக்குப் பிடித்த விடையைத் தரும் பாதையை மனம் தானாகவே நாடும். இருபது வழிகளில் தனித்தனியே சோதித்தால், விளைவே இல்லாத இடத்திலும் ஒன்றாவது சல்லடையைத் தாண்டிவர 64 விழுக்காடு வாய்ப்பு. இப்படி வளைத்து வளைத்துப் பார்ப்பதற்கு ஆய்வு வட்டாரத்தில் பி-ஹேக்கிங் என்று பெயரே இருக்கிறது.

கண்ணுக்கு நேரே காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. 2018-இல் வெளியானது. கால்பந்து நடுவர்கள் கறுப்புத் தோல் ஆட்டக்காரர்களுக்கு அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்ற ஒரே கேள்வியையும் ஒரே தரவையும் 29 குழுக்களிடம் கொடுத்தார்கள். 20 குழுக்கள் ஆம், குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கிறது என்றன. 9 குழுக்கள் அப்படிச் சொல்ல முடியாது என்றன. எல்லோருமே விவரம் தெரிந்தவர்கள், யாருக்கும் எந்த விடை வந்தாலும் லாபமோ நட்டமோ இல்லை. ஆனாலும் இப்படி. நாம் படிக்கும் சாதாரணக் கட்டுரை ஒவ்வொன்றும் அந்த 29-இல் ஏதோ ஒரு குழு எழுதியது என்று நினைத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தரவைப் பார்த்த பிறகு கருதுகோளை எழுதி, அதையே முதலிலிருந்து எதிர்பார்த்ததுபோலக் காட்டிக்கொள்வது. நடந்து முடிந்த பிறகு சொல்லும் ஜோசியம் எந்த நாளும் பொய்க்காது.

அப்புறம் மேசை இழுப்பறை. விளைவு இல்லை என்று வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதற்குள் போய் முடங்கிவிடும். இதழ்களும் அவற்றை விரும்புவதில்லை, எழுதுபவருக்கும் சலிப்பு. மனச்சோர்வு மருந்துகளில் இதை எண்ணியே காட்டினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 சோதனைகளை எடுத்து 2008-இல் வெளியான ஆய்வு அது. மருந்து வேலை செய்ததாக அந்த அமைப்பு கருதியவை 38. அவற்றில் 37 இதழ்களில் வந்துவிட்டன. மீதி 36-இல் 22 வெளியாகவே இல்லை. 11 வெளியாயின, ஆனால் நல்ல செய்திபோலப் பூசி மெழுகி. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்று. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு இந்த மருந்துகள் கிட்டத்தட்ட எப்போதுமே வெல்பவை என்று தோன்றியிருக்கும். உண்மை பாதிக்குப் பாதி.

கதவைத் திறந்து வைப்பது

இவற்றுக்கு மாற்று என்ன? எனக்கு மிகவும் பிடித்தது முன்பதிவு. ரயில் டிக்கெட் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஏறும் முன்பே இருக்கையை உறுதி செய்வதுபோலத்தான். தரவைப் பார்க்கும் முன்பே, என்ன கேள்வி, எத்தனை பேர், எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை எழுதி, பிறகு திருத்த முடியாதபடி தேதியோடு ஒரு பொதுத்தளத்தில் போட்டுவிடுவது. ஜோசியத்தை முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு ஒட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சோதனைகளுக்கு அமெரிக்காவில் 2000-இலேயே இதற்கான பொதுப்பதிவேடு வந்துவிட்டது. பதிவு செய்யாத சோதனைகளை வெளியிடுவதில்லை என்று முக்கிய மருத்துவ இதழ்களும் 2005-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

பலன் இருந்ததா? அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதி கொடுத்த பெரிய சோதனைகளை 2015-இல் எண்ணிப் பார்த்தார்கள். 2000-க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17 பலன் காட்டின. பிறகு வெளியான 25-இல் இரண்டுதான் காட்டின. முன்பதிவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு மாற்றங்களும் அந்தக் காலத்தில் நடந்தன. ஆனால் 17-க்கும் 2-க்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்த்தால், முன்பு வந்த சில வெற்றிகளை யோசிக்கத்தான் தோன்றுகிறது. முன்பதிவுக்குப் பிறகு திட்டத்தை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாற்றினால் மாற்றினேன் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு படி மேலே போனது, கார்டெக்ஸ் என்ற இதழ் 2013-இல் தொடங்கிய முறை. ஆய்வு நடக்கும் முன்பே திட்டத்தை மட்டும் மதிப்பிடுகிறார்கள். கேள்வியும் வழிமுறையும் சரி என்றால், விடை எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம் என்று அப்போதே வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இழுப்பறைக்கு அப்புறம் வேலையே இல்லை. உளவியலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழக்கமான கட்டுரைகளில் 96 விழுக்காடு தங்கள் முதல் கருதுகோள் சரி என்றன, இந்த முறையில் வந்தவற்றில் 44 விழுக்காடுதான். நூற்றுக்கு 96 முறை நம் ஊகம் பலிக்கிறது என்றால் ஆராய்ச்சியே எதற்கு?

அடுத்தது தரவையும் நிரலையும் கொடுத்துவிடுவது. இதற்கு ஒரு கதை உண்டு. 2010-இல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று எழுதினார்கள். அந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு. சிக்கனக் கொள்கையை ஆதரித்த அரசியல்வாதிகள் இதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற முனைவர் பட்ட மாணவர் இதை மறுகணக்கீடு செய்ய முயன்றார். விடை வரவில்லை. எழுதியவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருந்தன. அவரும் அவருடைய பேராசிரியர்களும் 2013-இல் வெளியிட்ட திருத்திய விடை, கூட்டல் 2.2 விழுக்காடு. எக்செல் பிழையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கோப்பைக் கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கொடுக்காமல் விட்டிருந்தால் பிழை இன்றும் உள்ளே கிடந்திருக்கும்.

எக்செல் என்றதும் மரபணுக்காரர்களின் புலம்பல் நினைவுக்கு வருகிறது. மார்ச்-1, செப்ட்-2 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. தட்டச்சு செய்ததும் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளில் இதை யார் கவனிப்பது? எக்செல் மாறும் என்று காத்திருந்து அலுத்து, 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

நிரலைக் கொடுத்தாலும் போதாத நேரம் உண்டு. வேதியியலில் பலரும் பயன்படுத்திய ஒரு பைத்தான் நிரல், ஒரே தரவுக்கு வெவ்வேறு இயங்குதளத்தில் வெவ்வேறு விடை தந்ததை 2019-இல் கண்டுபிடித்தார்கள். கோப்புகளின் பட்டியலை ஒவ்வொரு இயங்குதளமும் வேறு வேறு வரிசையில் கொடுத்தது, நிரல் அந்த வரிசையை நம்பியிருந்தது. அதனால்தான் இப்போது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். என் பழைய கணக்கீடு ஒன்றை மூன்று ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, ஃபைனல், ஃபைனல்-2, கடைசி ஃபைனல் என்று மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றும் மூன்று விடை சொல்லின. எது அச்சில் போனது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது.

புதிதாக ஆய்வுக்குள் வருபவர் நாளைக்கே செய்யக்கூடியவை சில. மூலத் தரவுக் கோப்பைத் தொடவே கூடாது, திருத்தமெல்லாம் நிரல் வழியாக நடந்து தனிக் கோப்பில் போய் உட்காரட்டும். எதைத் தூக்கினோம், ஏன் தூக்கினோம் என்று அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். தற்செயல் எண்களைப் பயன்படுத்தினால் அவற்றின் தொடக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் பக்கத்து இருக்கை நண்பரிடம் கோப்புறையைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் இருந்து, அவரால் அதே அட்டவணையை வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் முறை நிச்சயம் முடியாது. நோயாளிகளின் தரவு போன்றவற்றை எல்லோருக்கும் திறந்துவிட முடியாது என்பது உண்மைதான். அப்போதும் நிரலையும் தரவின் அமைப்பையும் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திரும்ப வருவதெல்லாம் உண்மை ஆகிவிடாது. 2011 செப்டம்பரில் ஒபெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முந்தி வந்ததாக அறிவித்தது. நம்ப முடியாமல்தான் அறிவித்தார்கள், தவறு இருந்தால் காட்டுங்கள் என்று. நவம்பரில் அவர்களே, நியூட்ரினோக்களை அனுப்பும் துடிப்புகளைச் சுருக்கித் திரும்பச் செய்தார்கள். அதே விடை! 2012-இல்தான் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகச் செருகப்படாமல் இருந்தது தெரிந்தது. இரண்டு முறையும் அதே கம்பி. அதே இத்தாலிய ஆய்வுக்கூடத்தில் தனிக் கருவி வைத்திருந்த இகாரஸ் குழு அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளிவேகத்தில்தான் வந்தன. வேறொருவர், வேறொரு கருவி, வேறொரு வழி என்று சேரும்போதுதான் ஒரு முடிவின் மேல் பாரம் ஏற்ற முடியும்.

ஆய்வு செய்யாதவர்கள், செய்தியில் படிப்பவர்கள் என்ன பார்க்கலாம்? எத்தனை பேரை வைத்துச் செய்தது, வேறு யாராவது திரும்பச் செய்திருக்கிறார்களா என்பது முதல் பார்வை. மூலக் கட்டுரை கிடைத்தால், தரவு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். "கேட்டால் தருவோம்" என்ற வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். மருத்துவச் சோதனை என்றால் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டால், முதலில் எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்பதும் பதிவு செய்த தேதியும் வரும். தேதி, முதல் நோயாளியைச் சேர்த்த நாளுக்கு முன்னதா பின்னதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.